வரம், நோன்பு, குறை: புராண உலக ஆட்டத்தில் ஒரு பாத்திரத்துக்கு நெறி அமைப்பது எப்படி

சனிக்கிழமை மாலைகளில், சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கல்மேசையைச் சுற்றி நாங்கள் ஆறு பேர் உட்கார்கிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்ற ஐவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடந்து, பேசி, முடிவெடுத்து, என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் தாயக்கட்டையை உருட்டிப் பார்க்கும் ஆட்டம் இது. கதையை நடத்தும் பொறுப்பு நான்கு ஆண்டுகளாக என்னுடையது. இந்த ஆட்டத்தைத் தமிழில், நம் புராணங்களும் காப்பியங்களும் விரித்துவைத்த உலகத்தில் ஆட விரும்புவோர் என்னிடம் முதலில் கேட்பது, பாத்திரங்களுக்கு என்னென்ன வகைகள் வைக்கலாம் என்பதைத்தான். அவர்களுக்கான விரிவான பதில் இது.

பாத்திரங்களை வகை பிரிக்கும் வழக்கம் இவ்வகை ஆட்டங்களோடு கூடவே பிறந்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் உருவாக்கி வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் போர்வீரர், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே வகைகள் இருந்தன. பின்னால் வந்த ஆட்டங்கள் அவற்றைப் பிரித்தும் கலந்தும் பெருக்கின. என் முதல் கதைக்கு நானும் அதே முறையில் ஏழு வகைகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் பத்துப் பத்து ஆற்றல்களை அடுக்கினேன். மூன்றாவது வாரத்திற்குள் ஐவரில் நால்வர் வில்லாளிகளாகிவிட்டனர், ஏனென்றால் நான் எழுதிய ஆற்றல்களில் வில்தான் தொலைவிலிருந்து அதிகச் சேதம் விளைவித்தது. அர்ச்சுனன் வழி, ஏகலைவன் வழி என்று பெயர்கள் அழகாக இருந்தும், மேசையில் நடந்தது கூட்டல் கழித்தல் மட்டுமே.

அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு யோசித்தபோது எனக்குக் கைகொடுத்த சொல் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி; பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு பாணரோ கூத்தரோ, வறுமையோடு எதிரில் வருபவரை, ‘இந்த வழியில் போ, இந்தக் காட்டைக் கட, இன்னார் உனக்குச் சோறிடுவார், இந்த வள்ளலை இப்படிக் காண்’ என்று ஆற்றுப்படுத்துவது அந்த இலக்கிய வகை. போகிறவரின் வலிமையைப் பற்றி அங்கே அதிகப் பேச்சில்லை. எங்கிருந்து வருகிறார், எதைத் தேடிப் போகிறார், வழியில் யாரை நம்பியிருக்கிறார் என்பதே பேச்சு. பாத்திரத்தின் வழியும் அப்படித்தான் அமைய வேண்டும் என்று முடிவு செய்து, அன்றிலிருந்து வகை என்ற சொல்லை விட்டு நெறி என்றே சொல்லிவருகிறோம்.

நிலத்தில் தொடங்குங்கள்

நெறியை எழுதும் முன் பாத்திரம் எந்த நிலத்துக்குரியது என்பதை முடிவு செய்யுங்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணை, உலகம் படைப்பவருக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் வரைபடம். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைத் தொல்காப்பியமே வரிசைப்படுத்தியிருக்கிறது. குறிஞ்சிப் பாத்திரம் என்றவுடன் தினையும் வேங்கையும் தொண்டகப்பறையும் சேயோனும் கூடவே வந்துவிடுகின்றன. நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது குறைவு. பாலைக்கு மட்டும் சற்று மெனக்கெடுங்கள். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்வதால், பாலை நெறியில் நடப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு முன்பு ஒரு பசுமையான நிலம் இருந்திருக்க வேண்டும். அது எது, எப்படிக் காய்ந்தது என்று ஆடுபவரிடம் கேட்டாலே பாத்திரத்தின் பாதி வரலாறு வெளியே வந்துவிடும்.

இங்கே பிறந்து வளர்ந்த இளையர்களுக்குத் திணை என்பது தேர்வுக்காகப் படித்த சொல்லாகவே நிற்கக்கூடும். அதனால் முதல் நாள் நான் அவர்களைத் தம் ஊரிலேயே ஐந்து நிலத்தையும் தேடச் சொல்வேன். 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குறிஞ்சியாகிறது, துறைமுகமும் ஈஸ்ட் கோஸ்ட்டும் நெய்தலாகின்றன, கிராஞ்சிப் பண்ணைகள் மருதமாகின்றன. பாலைக்கு ஒருவர் நண்பகலில் கூரையில்லாத பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் உச்சித் தளத்தைச் சொன்னார். அதைவிடச் சரியான விடை எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. நிலம் பாத்திரத்தின் பழக்கத்தைச் சொல்லலாம். எந்த நெறியில் நுழையலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்யும்படி விதி எழுதாதீர்கள். கர்ணனுக்கும் ஏகலைவனுக்கும் கல்வி மறுக்கப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்த நாம், அதே மறுப்பை ஆட்டத்தின் சட்டமாக்கக் கூடாது. அந்த மறுப்பு கதைக்குள் ஒரு மன்னனின் வாயிலிருந்தோ ஓர் ஆசிரியனின் வாயிலிருந்தோ வரட்டும். பாத்திரங்கள் அதை எதிர்க்கட்டும்.

மூன்று வாக்கியங்கள்

ஒரு நெறியின் உயிர் மூன்று வாக்கியங்களில் இருக்கிறது. முதல் வாக்கியம் வரம்: இந்த நெறியில் நடப்பவருக்கு மற்றவருக்கு இல்லாத எது கிடைத்திருக்கிறது, அதை யார் கொடுத்தார். இரண்டாவது நோன்பு: அந்த வரத்தைக் காக்க அவர் எதைச் செய்தாக வேண்டும், எதைச் செய்யவே கூடாது. மூன்றாவது குறை: வரத்தின் எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. இந்த வரிசையில் எழுதுவதைவிடத் தலைகீழாக, குறையிலிருந்து எழுதத் தொடங்குவதே நல்லது என்பது என் அனுபவம். வரத்தை முதலில் எழுதுகிறவர்கள் அதன் மேல் காதல் கொண்டு, குறையைப் பெயருக்கு ஒட்டவைத்துவிடுகிறார்கள்.

கர்ணனைப் பாருங்கள். பரசுராமரிடம் பொய் சொல்லி வித்தை கற்றதால், மிகத் தேவையான நேரத்தில் அது நினைவுக்கு வராமல் போகும் என்ற சாபம்; கவச குண்டலத்தை இந்திரனுக்கு ஈந்ததற்கு ஈடாகக் கிடைத்த சக்தி ஆயுதமோ ஒரே ஒரு முறைதான் பயன்படும். அருச்சுனனுக்கென்று அவன் பொத்திவைத்திருந்த அந்த ஒரு முறையும் கடோற்கசன் மீது செலவாகிறது. ஆட்டத்தை எழுதுபவரின் கண்ணால் பார்த்தால், ஒவ்வொன்றும் தெளிவான விதி: ஒரு முறை மட்டும், இந்தச் சூழலில் மட்டும், இன்னதைக் கொடுத்தால் மட்டும். இரணியனின் வரமும் அவ்வாறே. பகலிலும் இல்லை இரவிலும் இல்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை என்று அவன் அடைத்துவைத்த ஒவ்வொரு கதவுக்கும் நடுவே ஓர் அந்திப்பொழுதும் ஒரு வாசற்படியும் மிஞ்சியிருந்தன. எழுதப்பட்ட சொற்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஓட்டையைத் தேடுவது மேசையில் இருப்பவர்களுக்கு வாளை வீசுவதைவிடச் சுவையான வேலை.

சிங்கப்பூரின் பழங்கதையிலும் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு உண்டு. மலாய் வரலாற்றுக் கதைகளில் வரும் படாங், தான் பிடித்த மீன்களைத் திருடித் தின்ற பூதத்தைப் பிடித்து, உயிரோடு விடுவதற்கு ஈடாக வலிமையைக் கேட்கிறான். அந்தப் பூதம் கக்கியதை அவன் தின்ன வேண்டும் என்பதே விலை. தின்றான், பெரும் வலிமை பெற்றான், பின்னர் கலிங்கத்திலிருந்து கப்பலில் வந்த மல்லன் முழங்கால் உயரத்துக்குத் தூக்கிய கல்லை, இவன் தூக்கி ஆற்றின் முகத்துவாரத்துக்கே எறிந்தான் என்கிறது கதை. 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல்தான் அந்தக் கல் என்று சொல்வோர் உண்டு. அதன் ஒரு துண்டைத் தேசிய அரும்பொருளகத்தில் பார்க்கலாம். வலிமை நெறியைத் தேர்ந்தெடுப்பவரிடம் நான் கேட்கும் கேள்வி இந்தக் கதையிலிருந்து வந்தது: ‘நீ எதைத் தின்றாய்?’ எல்லாரும் அருவருக்கும் எதைச் சகித்துக்கொண்டு இந்த வலிமையைப் பெற்றாய் என்பதற்குப் பதில் கிடைக்காதவரை அந்தப் பாத்திரத்துக்கு ஒரு கல்லைக்கூடத் தூக்கக் கொடுக்க மாட்டேன்.

ஒரு நெறி முழுமையாக: பாத்திரம் ஏந்துவோர்

எங்கள் மேசையில் எல்லாரும் விரும்பிய நெறி போர்நெறி ஒன்றுமல்ல. மணிமேகலைக்குக் கிடைத்த மூன்று மந்திரங்களையும் அமுதசுரபி என்ற வற்றாத பிச்சைப் பாத்திரத்தையும் அடிப்படையாகக் கொண்டு எழுதிய ‘பாத்திரம் ஏந்துவோர்’ என்ற நெறியே அது. வேற்றுரு எடுப்பது, வானில் செல்வது, பசியைத் தாங்குவது ஆகிய மூன்றையும் மணிமேகலா தெய்வம் அவளுக்கு அருளியது. ஆபுத்திரன் கையில் இருந்த அட்சய பாத்திரத்தைப் பெற்றபின், கற்பில் சிறந்த ஆதிரை இட்ட முதல் பிச்சையால் அது வற்றாமல் சுரக்கத் தொடங்கியது.

இதைக் கீழ்க்கண்டவாறு நெறியாக்கினோம். குறை: இந்தச் சோற்றுப் பாத்திரம் வெறுமையாகவே கிடைக்கிறது, ஒவ்வொரு புதிய ஊரிலும் அவ்வூரார் ஒருவர் மனமுவந்து முதல் பிடி சோறு இட்டால்தான் சுரக்கும். நோன்பு: பசித்தவர் எவரையும், பகைவராயினும், திருப்பி அனுப்பக் கூடாது, அதிலிருந்து எடுத்ததை விலைக்கு விற்கக் கூடாது. வரம்: முதல் பிடி விழுந்தபின் அவ்வூரில் எத்தனை பேர் வந்தாலும் சோறு குறையாது.

சண்டைக்கு உதவும் ஆற்றல் ஒன்றும் இதில் இல்லாததைக் கண்டு, பதினேழு வயது ஆட்டக்காரர் ஒருவர், “அக்கா, இத வச்சு நான் என்னத்த செய்றது?” என்று கேட்டார். ஆனால் இரண்டாம் மாதம், முற்றுகையிடப்பட்ட கோட்டை ஒன்றுக்குள் அவர் நுழைந்தபோது கதையின் மொத்தப் பாரமும் அவர் மேல் இறங்கியது. கோட்டைக்குள் பட்டினி, முதல் பிடி இடுவதற்கு அங்கு ஒருவரிடமும் சோறில்லை. வீடு வீடாகச் சென்று கேட்டு, கடைசியில் தன் குழந்தைக்கென்று ஒரு மூதாட்டி ஒளித்துவைத்திருந்த அரைக் கைப்பிடி வரகை அவள் தானாகவே கொடுக்கும்படி பேசிச் சம்மதிக்கவைக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் மற்ற நால்வர் தாயக்கட்டையைத் தொடவே இல்லை.

வேற்றுரு எடுக்கும் மந்திரத்தை நாங்கள் பின்னால் சேர்த்தபோது அதற்கும் விலை வைத்தோம். காப்பியத்தில் மணிமேகலை காயசண்டிகையின் உருவை எடுத்துக்கொண்டதால், தன் மனைவி என்றே எண்ணி வந்த விஞ்சையன் (வித்தியாதரன்) காஞ்சனன், அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரனை வெட்டிவிடுகிறான். ஆகவே எங்கள் விதிப்படி, நீங்கள் எடுக்கும் உருவம் உயிரோடுள்ள ஒருவருடையதாகவே இருக்க வேண்டும். அவரைத் தேடிக்கொண்டிருப்பவர் எவரோ அவர் உங்களையும் கண்டுபிடிப்பார்.

தாயக்கட்டையின் கணக்கு

இருபது முகப் பகடைகளை வாங்கிப் பயன்படுத்துவதில் தவறில்லை. என்னிடம் அம்மாச்சி விட்டுச்சென்ற பித்தளைத் தாயக்கட்டை இருந்ததால் நாங்கள் அதையே எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெற்று முகமும் உண்டு. எங்கள் வீட்டு வழக்கப்படி இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. மொத்தம் பதினாறு விதமாக விழக்கூடிய இந்தக் கட்டைகளில் நான்கோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு பதினாறில் ஏழு, மூன்றோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு பதினாறில் பதினொன்று. எனவே பொதுவாக நான்கு விழுந்தால் வெற்றி என்றும், தன் நிலத்தில் நின்று தன் நெறிக்குரிய செயலைச் செய்யும்போது மூன்றே போதும் என்றும் வைத்தோம். அடுத்துச் சொல்லும் தாயத்தைச் சேர்க்காமல், கிட்டத்தட்ட 44 விழுக்காடாக இருந்த வாய்ப்பு 69 விழுக்காடாக உயர்கிறது. பாத்திரத் தாளில் வேறு எண்ணே தேவைப்படவில்லை.

தாயம் விழுந்தால், அதாவது ஒன்றும் வெறுமையுமாக விழுந்தால், செயல் வெற்றி பெறும், ஆனால் நெறியின் குறை விழித்துக்கொள்ளும். எட்டு உருட்டலுக்கு ஒருமுறை என்ற அளவில் இது நிகழும். சாதாரணத் தாய ஆட்டத்தில் காய் இறங்கத் தாயத்துக்காகத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள் என்பதால், அது விழும்போது மேசையில் எழும் கூச்சல் மகிழ்ச்சியும் பயமும் கலந்ததாக இருக்கும். கல்மேசையில் பித்தளை உருளும் ஓசை மேல்மாடி வரை கேட்கும். தடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சிக்குப் பூக்கள்

பாத்திரம் வளர்வதை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று எண்ணால் குறிக்காமல், போரையும் புகழையும் பாடும் புறத்திணைகளைத் தொல்காப்பியம் அடுக்கும் வரிசையால் குறிக்கிறோம்; பாடாண் தவிர மற்றவை பூக்களின் பெயர்கள்: வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண். நிரை கவர்தலில் தொடங்கி, படையெடுப்பு, மதில் முற்றுகை, நேருக்கு நேர் பெரும்போர், வெற்றி என்று ஏறும் இந்த வரிசையில் வாகைக்குப் பின் நிலையாமையைப் பேசும் காஞ்சி வருவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. மற்ற ஆட்டங்களில் பாத்திரம் மேலே போகப் போக ஆற்றல் கூடிக்கொண்டே இருக்கும். இங்கே ஆறாவது பூவை அடைபவர் தன் வரங்களில் ஒன்றை மற்றொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். பாடாணில் அவர் ஆடுபவரின் கையை விட்டே போய்விடுவார். மற்ற பாத்திரங்கள் அவரைப் பாடும் கதையில் மட்டுமே இருப்பார்.

போர் செய்யாத நெறிகளுக்கு இந்தப் பூக்கள் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். வாகை என்பது போர் வெற்றியோடு நிற்பதில்லை. அவரவர் தத்தம் துறையில் மிகுந்து விளங்குவதும் வாகையே. வெட்சியை முதல் துணிவு என்றும் உழிஞையை மூடிய வாயிலைத் திறத்தல் என்றும் விரித்துக்கொண்டால், வெறியாடும் வேலனுக்கும் குறிசொல்லும் கட்டுவிச்சிக்கும் பாணனுக்கும் ஆடிப்பாடும் விறலிக்கும் அவரவர்க்கான ஏற்றம் கிடைத்துவிடுகிறது. கோட்டைக்குள் வரகு பெற்ற அந்த ஆட்டக்காரரின் கதைப் பாத்திரம் அன்றே உழிஞை சூடியது.

தெய்வங்களைப் பற்றி

தெய்வங்களை ஆடும் பாத்திரமாக்காதீர்கள்; அவர்களுக்கு, அடிபட அடிபடக் குறையும் உயிர்ப்புள்ளிகள் எழுதாதீர்கள். நாம் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளும் கதைகள் இந்த ஊரில் இன்றும் நேர்த்திக்கடனாக நடக்கின்றன. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் திரௌபதியம்மனுக்காகத் தீமிதிக்க, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வருபவர்களில் என் குடும்பத்தினரும் உண்டு. தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர் மேற்கொள்ளும் விரதத்தை நேரில் பார்த்தவர், நோன்பு என்ற சொல்லை ஆட்டத்தில் அலட்சியமாகப் பயன்படுத்த மாட்டார். எங்கள் மேசையில் ஒரு முஸ்லிம் தம்பியும் ஒரு கிறிஸ்துவத் தங்கையும் ஆடுகிறார்கள். வழிபாட்டை நடித்துக்காட்டும் காட்சிகளை விடுத்து, வரம் கொடுத்தவர் எப்போதும் காட்சிக்கு வெளியே இருக்கும்படி அமைத்ததால் எல்லாரும் மனத்தடையின்றி ஆட முடிகிறது. முதல் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் தனியாக, எது வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள்.

பாத்திரம் இறந்தால்

இறப்பு இல்லாத நெறி எளிதில் சலித்துவிடும். ஆனால் இறந்த பாத்திரத்துக்குரியவர் மூன்று மணி நேரம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமை. இதற்கு நம் மரபில் இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று, பாரதப் போருக்குப் பலியான அருச்சுனன் மகன் அரவான். களப்பலியான பின்னும் அவன் தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்துக்கொண்டிருந்தது என்பது தமிழ்நாட்டு வழக்கு. ஆகவே அன்றைய ஆட்டம் முடியும் வரை இறந்த பாத்திரம் அனைத்தையும் பார்க்கும். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கேள்விக்கு, கதைநடத்துநரிடமிருந்து உண்மையான பதிலைப் பெற்றுத் தோழர்களுக்குச் சொல்லும்.

மற்றொன்று, இறந்த வீரருக்கு நினைவாக நடும் நடுகல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படிகள் உண்டு. அடுத்த வாரம் ஐவரும் சேர்ந்து இந்த ஆறையும் கதையாகவே நடத்துவோம்: ஒருவர் கல்லைக் காண்பார், ஒருவர் கொண்டுவருவார், ஒருவர் நீராட்டுவார், இறந்த பாத்திரத்துக்குரியவரே கல்லில் பொறிக்கும் இரண்டு வரிகளை எழுதுவார். அந்த வரிகளைச் சிறிய அட்டையில் எழுதி மேசையின் மூலையில் நிறுத்தி வைக்கிறோம். எங்களிடம் இப்போது மூன்று அட்டைகள் இருக்கின்றன. பாத்திரத்தை இழந்தவர் எழுதும் புதிய நெறியின் முதல் காட்சி அந்தக் கல்லின் முன்தான் தொடங்கும்: வழிப்போக்கராக வந்து நிற்பார், கல்லில் உள்ளதை உரக்கப் படிப்பார், இறந்தவரைத் தனக்கு எப்படித் தெரியும் என்பதை மற்ற நால்வருக்கும் சொல்லிவிட்டுத் தன் குறையின் வாக்கியத்தை எழுத ஆரம்பிப்பார்.